கருப்பு டீசர்ட்டுக்கு ஸ்பாட் கலர்: பையர் ஃபைலில் எட்டு பிளேட் வருது, ஐந்துக்குள் கொண்டுவர வழி சொல்லுங்க

அவிநாசி_ரோடு_டிசைனர்

எல்லாருக்கும் வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்கு ஆர்ட்வொர்க் பண்றேன். இப்ப கையில இருக்கறது கருப்பு காட்டன் டீசர்ட், நெஞ்சுல 28 செ.மீ. அகலத்துக்கு ஒரு டிசைன். கண்ணுக்குத் தெரியற கலர் சிவப்பு, மஞ்சள், வானநீலம், வெள்ளை எழுத்து, சுத்தி கருப்பு அவுட்லைன். கை டேபிள்ல பிளாஸ்டிசால் (சூட்டுல இறுகற பிளாஸ்டிக் மை) அடிக்கப் போறோம்.

பையர்கிட்ட இருந்து இல்லஸ்ட்ரேட்டர் ஃபைல் வந்திருக்கு. செபரேஷன்ஸ் ப்ரிவ்யூ திறந்தா எட்டு பிளேட் (ஒவ்வொரு மைக்கும் தனியா பிரியற படம்) நிக்குது: சயான், மெஜந்தா, எல்லோ, பிளாக், பான்டோன் 186 சி, பான்டோன் 186 சிவிசி, பான்டோன் 123 சி, பான்டோன் 299 சி. இதுல வெள்ளை எழுத்து எந்த பிளேட்லயுமே இல்லை. டெக் பேக்ல (பையர் தர்ற விவரக் குறிப்பு) சிவப்புக்கு 18-1664 டிசிஎக்ஸ்னு வேற போட்டிருக்காங்க.

அஞ்சு ஸ்கிரீனுக்கு (மைக்கு ஒண்ணா அடிக்கற வலைச் சட்டம்) மேல போகக்கூடாதுன்னு ஓனர் சொல்லிட்டாருங்க. இந்த ஃபைலையே சரி பண்ணலாமா, இல்ல முதல்ல இருந்து வரைஞ்சுடறதா?

ஃபிலிம்_ரூம்

திரும்ப வரையத் தேவையில்லை தம்பி. எந்த பிளேட் எதனால வந்திருக்குன்னு ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஃபைல் வழிக்கு வந்துவிடும்.

முதலில் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். நம்ம தொழிலில் ஸ்பாட் சுவாட்ச் (தனி மையாகக் கலந்து அடிக்கும் கலருக்கு ஃபைலில் சேமித்த பதிவு) என்பது மானிட்டரில் தெரிகிற நிறம் இல்லை, ஒரு ஸ்கிரீனோட பெயர். மை டப்பா மேல ஒட்டின சீட்டு மாதிரி. சீட்டு பச்சையாக இருந்தாலும் உள்ளே ஊற்றிய மைதான் துணியில் விழும். அதனால் “இந்த டிசைனில் எத்தனை கலர்?” என்று ஃபைலைப் பார்த்துக் கேட்பதைவிட, “எத்தனை ஸ்கிரீன், ஒவ்வொன்றும் எதுக்கு?” என்று பேப்பரில் எழுதிவிட்டு, அந்தப் பெயர்களில் மட்டும் சுவாட்ச் இருக்கும்படி ஃபைலைக் கொண்டுவாருங்கள். ஒரு சுவாட்ச் என்றால் ஒரு ஸ்கிரீன்.

உங்க எட்டு பிளேட்டுக்கு வருவோம்.

186 சி, 186 சிவிசி இரண்டும் ஒரே சிவப்பு. பழைய சாஃப்ட்வேர்கள் பான்டோன் எண்ணோடு சிவிசி என்று சேர்க்கும். யாரோ பழைய லோகோவை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் இல்லஸ்ட்ரேட்டர் அதை வேறு பிளேட்டாகத்தான் நினைக்கும். சுவாட்ச் பேனலில் முதலில் 186 சி, அப்புறம் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு சிவிசி, பேனல் மெனுவில் மெர்ஜ் சுவாட்சஸ். முதலில் தொட்டதோட பெயர்தான் நிற்கும்.

சயான், மெஜந்தா, எல்லோ, பிளாக் நாலும் பெரும்பாலும் அந்தக் கருப்பு அவுட்லைனால் வந்திருக்கும். ஆர்ஜிபி கருப்பைப் பிரித்தால் நாலு பிளேட்டிலும் சிதறும். கூடவே எங்காவது ட்ராப் ஷேடோ இருக்கிறதா பாருங்கள். கருப்புத் துணியில் கருப்பு நிழலுக்கு வேலையே இல்லை, அதைத் தூக்கிவிடலாம்.

வெள்ளை எழுத்து வராததற்குக் காரணம், அது ப்ராசஸ் வெள்ளை. அதாவது நாலு மையும் பூஜ்யம். அப்படி ஒரு பொருள் எந்த பிளேட்டிலும் வராது. தனக்கு அடியில் இருப்பதை மட்டும் வெட்டி ஓட்டை போடும். பேப்பரில் அந்த ஓட்டை வழியாகப் பேப்பரோட வெள்ளை தெரியும். உங்களுக்குத் தெரியப்போவது கருப்புத் துணி.

இந்தக் குணத்தை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கருப்பு அவுட்லைனுக்கு நீங்க மை அடிக்கப்போவதில்லை, துணியோட கருப்பே போதும். அப்ப அவுட்லைனுக்கு அந்த ப்ராசஸ் வெள்ளையைக் கொடுங்கள். அடியில் இருக்கும் சிவப்பும் மஞ்சளும் அந்த இடத்தில் வெட்டுப்படும், துணி தெரியும். வெறுமனே அவுட்லைனை அழித்தால் இரண்டு கலரும் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளை எழுத்துக்கு ‘டாப் வைட்’ என்று புது சுவாட்ச் உருவாக்கி, கலர் டைப்பில் ஸ்பாட் என்று வைத்துக் கொடுங்கள். அந்தச் சுவாட்சைத் திரையில் வெளிர்நீலமாகவோ ரோஸாகவோ காட்டுங்கள். வெள்ளையாகவே வைத்தால் அடுத்து ஃபைலைத் திறக்கிறவருக்கு எது மை, எது ஓட்டை என்று தெரியாது.

அவிநாசி_ரோடு_டிசைனர்

அண்ணா, மெர்ஜ் பண்ணினதும் ஏழாச்சு. அவுட்லைனை மாத்தி, ஷேடோவை எடுத்ததும் சிஎம்ஒய்கே நாலும் காலி. இப்ப 186, 123, 299, டாப் வைட் நாலு நிக்குது. ரொம்ப நன்றிங்க.

கருப்புத் துணியில கலர் மங்காம இருக்க அடியில போடற வெள்ளை பேஸை இதே ஃபைல்ல எப்படி வைக்கறதுங்க? பேஸை எல்லாத்துக்கும் அடியில வச்சா, மேல இருக்கற கலர் எல்லாம் அதை வெட்டிடுது. செபரேஷன்ல பேஸ் பிளேட் காலியா வருது.

கோரல்_கை

இதுக்குத்தான் நான் ஸ்பாட் பக்கமே போறதில்லை. எங்க யூனிட்ல எல்லாம் கோரல்டிராதான். ஒவ்வொரு கலரையும் ஒரு லேயர்ல போட்டு, அந்த லேயரை முழுக்க 100% கருப்பாக்கி, மூணு பக்கம் ரிஜிஸ்ட்ரேஷன் மார்க் வச்சு, ஒவ்வொரு லேயரா பிரிண்ட் குடுப்போம். எந்த லேசர் பிரிண்டர்லயும் ட்ரேசிங் பேப்பர்ல வந்துரும். போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை பிரிண்டருக்கு விவரிக்கற மொழி) வேணாம், ரிப் (ஃபைலைப் புள்ளியா மாத்தித் தர்ற சாஃப்ட்வேர்) வேணாம். வருஷக்கணக்கா ஓடிட்டு இருக்கு.

ஃபிலிம்_ரூம்

கோரல்_கை அண்ணா சொல்வது ஒன்று இரண்டு கலருக்கு நல்ல வழி, நானும் மறுக்கலை. ஆனால் கலரோட கலர் ஒட்டுகிற இடத்தில் வெட்டு, ட்ராப் (இடைவெளி தெரியாமல் ஒரு கலரை இன்னொன்றின் மேல் கொஞ்சம் ஏற்றுவது) எல்லாம் கையால் பண்ண வேண்டும். பையர் இரண்டாம் ரவுண்டில் “அந்த நட்சத்திரத்தை மஞ்சளாக்கு” என்று கேட்டால் மூணு லேயரில் திரும்ப வெட்ட வேண்டும். ஸ்பாட்டில் அது ஒரே கிளிக். ஃபிலிமில் (ஸ்கிரீன் எடுக்க அச்சிடும் தாள்) கலர் பெயரும் தானாக அச்சாகும், ஸ்கிரீன் மாறிப்போகாது.

பேஸ் விஷயத்துக்கு: பேஸை அடியில் வைக்காதீர்கள், எல்லாத்துக்கும் மேல வையுங்கள். அச்சில் முதலில் விழுவது ஃபைலில் உச்சியில் இருக்கும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் பிரிப்புக்கு அடுக்கு வரிசை முக்கியமில்லை, யார் யாரை வெட்டுகிறார் என்பதுதான் முக்கியம்.

செய்முறை இது. டிசைனை முழுசா காப்பி எடுத்து ‘பேஸ்’ என்று புது லேயரில் அதே இடத்தில் ஒட்டுங்கள். ஸ்ட்ரோக்கு எல்லாத்தையும் எக்ஸ்பேண்ட் பண்ணி உருவமாக்குங்கள். பாத்ஃபைண்டரில் ட்ரிம் கொடுத்தால் மறைந்திருக்கும் பகுதிகள் போய்விடும். அவுட்லைனாக இருந்த வெள்ளைத் துண்டுகளைத் தேர்ந்து அழியுங்கள். மிச்சம் இருப்பதை யுனைட் பண்ணுங்கள். அதுக்கு ‘பேஸ் வைட்’ என்ற ஸ்பாட் சுவாட்ச் கொடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் ஆஃப்செட் பாத் போய் மைனஸ் 0.3 மி.மீ. கொடுங்கள். ஆஃப்செட் பழைய உருவத்தை விட்டுவிட்டுப் புதுசாக ஒன்று போடும், அதனால் பழையதை அழிக்க மறக்காதீர்கள். கடைசியாக அட்ரிபியூட்ஸ் பேனலில் ஓவர்பிரிண்ட் ஃபில் டிக். இப்போது பேஸ் எதையும் வெட்டாது, தன் பிளேட்டில் தான் மட்டும் முழுசாக நிற்கும்.

கோரல்_கை

வெட்டு வேலை எனக்கும் தலைவலிதான், இல்லைன்னு சொல்லலை. கோரல்ல இதே மாதிரி ஸ்பாட்ல பண்ண முடியுமா? பான்டோன் பேலட்டை இழுத்துக் கலர் குடுத்தா போதுமா?

ஃபிலிம்_ரூம்

போதும். பேலட்டில் ஸ்பாட் கலருக்கு மூலையில் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ் உருவத்தில் ரைட் கிளிக் பண்ணினால் ஓவர்பிரிண்ட் ஃபில் இருக்கிறது. பிரிண்ட் கொடுக்கும்போது செபரேஷன் டிக் போடுங்கள், ஸ்பாட்டை ப்ராசஸாக மாற்று என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எந்தெந்த பிளேட் வருகிறது என்ற பட்டியல் அங்கேயே தெரியும். வேண்டாத பெயர் இருந்தால் எடிட் மெனுவில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் கலர் மாற்றும் வசதி உண்டு, ஒரே அடியில் மாற்றலாம்.

எச்சரிக்கை ஒன்று: போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாத லேசரில் முழு கலர் சரியாக வரும். 50% டின்ட் (அதே கலரின் வெளிர் சாயல்) மாதிரி இருந்தால் நீங்க கேட்ட புள்ளி அளவு வராது, பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு புள்ளி போடும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இதே கதைதான், போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் தேர்ந்தெடுக்காவிட்டால் செபரேஷன் ஆப்ஷனே மங்கலாக இருக்கும். அதுக்குத்தான் ரிப்.

டேபிள்_பிரிண்டர்

கம்ப்யூட்டர் பக்கம் நீங்க பேசிட்டீங்க. டேபிள் பக்கம் இருந்து நான் சொல்றேன்.

0.3 சோக்குன்னு (பேஸை ஓரத்துல இருந்து உள்ள இழுக்கறது) ஃபிலிம்_ரூம் சொன்னது நல்ல டேபிள், நல்ல செட்டிங்கா இருந்தாத்தான். ஆட்டோ மெஷின்ல அதைவிடக் குறைவாவே போதும். கை டேபிள்ல பட்டறை எப்படின்னு பார்த்து 0.4 வரைக்கும் போங்க. சோக் பத்தலைன்னா சிவப்பு ஓரத்துல வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும், கருப்புத் துணியில அது பளிச்சுன்னு தெரியும். சோக் அதிகமா போனா ஓரத்துல பேஸ் இல்லாம சிவப்பு கருப்புல விழுந்து பழுப்பா மங்கும். ரெண்டுல மங்கறதுதான் கண்ணுக்கு உறுத்தாது, அதனால சந்தேகம்னா கொஞ்சம் கூடவே சோக் பண்ணுங்க.

ஸ்ட்ரோக் வச்சு சோக்கோ ட்ராப்போ பண்றவங்க ஒண்ணைக் கவனிக்கணும். ஸ்ட்ரோக் கோட்டுக்கு உள்ள பாதி, வெளிய பாதி. 1 பாயின்ட் ஸ்ட்ரோக்னா 0.35 மி.மீ., அதுல ஓரத்துக்குக் கிடைக்கறது 0.18 தான். 0.35 வேணும்னா 2 பாயின்ட் குடுக்கணும். டிசைனர் “ஒரு பாயின்ட் ட்ராப் குடுத்துட்டேன்”னு சொல்வாங்க, டேபிள்ல பார்த்தா மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவுல துணி தெரியும்.

அடுத்தது ஸ்கிரீன் எண்ணிக்கை. தம்பி இப்ப பேஸ், சிவப்பு, மஞ்சள், நீலம், டாப் வைட்னு அஞ்சுல நிக்கறாரு. நாலுல முடிக்கலாம். வெள்ளை எழுத்துக்குக் கீழ இருக்கற பேஸே வெள்ளைதானே? எழுத்து பாகத்துல பேஸைச் சோக் பண்ணாம முழு அளவுல விட்டு, அதையே எழுத்தா காட்டலாம். பேஸை ரெண்டு ஸ்ட்ரோக் (ஸ்க்வீஜி இழுப்பு) அடிச்சு ஃப்ளாஷ் பண்ணி (சூடு காட்டி மேலாக உலர்த்தி) இன்னொரு ஸ்ட்ரோக் போட்டா நல்லாவே மூடும். ஆனா முதல்ல ஃப்ளாஷ் ஆன மை மேல ஸ்க்வீஜி (மை இழுக்கற ரப்பர் பட்டை) திரும்பத் திரும்பப் போறதால வெள்ளை கொஞ்சம் அழுக்காகும், பளபளப்பும் கம்மி. ஏற்றுமதி சரக்குக்கு டாப் வைட் தனியா இருக்கட்டும்னுதான் நான் சொல்வேன். லோக்கல் ஆர்டர்னா நாலு போதும்.

மஞ்சப்பை_மதுரை

நல்ல இழைண்ணே, நன்றி. நான் துணிப்பை அடிக்கிறேன். 2021 டிசம்பர்ல அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ ஆரம்பிச்சதுல இருந்து மஞ்சள் துணியில கடைப் பேரு போடுற வேலை நிறைய வருது. ஒண்ணு ரெண்டு கலருதான். எனக்கு ஒரு சிக்கல்: கம்ப்யூட்டர்ல கஸ்டமருக்கு நீலம் காட்டி ஓகே வாங்குறேன். பைல அடிச்சா பச்சை மாதிரி வருதுன்னு சண்டைக்கு வர்றாங்க. பிக்மென்ட் பேஸ்ட்தான். சாஃப்ட்வேர்ல இதை முன்னாடியே காட்ட முடியுமாண்ணே?

டேபிள்_பிரிண்டர்

பிக்மென்ட் ஒளி ஊடுருவற மை தம்பி. மஞ்சள் மேல நீலம் விழுந்தா பச்சைக்குத்தான் போகும். கருநீலம், கருப்பு, அரக்கு மாதிரி அழுத்தமான கலருக்கு மாத்திக்கச் சொல்லுங்க. நீலமேதான் வேணும்னா காதி பேஸ்ட் மாதிரி மூடற மையிலதான் அடிக்கணும், கை தொட்டா கொஞ்சம் தடிமனா இருக்கும்.

ஃபிலிம்_ரூம்

கஸ்டமருக்குக் காட்ட ஒரு வழி இருக்கிறது. எல்லாத்துக்கும் அடியில் ஒரு லேயர் போட்டு, பையோட மஞ்சளை ஒரு கட்டமாக வையுங்கள், அந்த லேயரை அச்சாகாதபடி ஆக்கிவிடுங்கள். மேல நீல எழுத்துக்கு மல்டிப்ளை கொடுத்தால் திரையில் பச்சைச் சாயல் தெரியும். துல்லியம் கிடையாது, ஆனாலும் வெள்ளைப் பின்னணியில் காட்டி ஓகே வாங்குவதைவிட நேர்மையானது. ஃபிலிம் எடுக்கும்போது மல்டிப்ளையை நார்மலுக்கு மாற்றிவிடுங்கள். டிசைனர்களுக்குப் பொதுவாகவே இதைச் சொல்வேன்: கருப்பு டீசர்ட்டுக்கு வேலை என்றால் ஆர்ட்போர்டு வெள்ளையாக இருக்கக் கூடாது. துணி நிறத்தில் ஒரு லேயர் போட்டுவிட்டுத்தான் முதல் கோடு வரைய வேண்டும்.

அவிநாசி_ரோடு_டிசைனர்

பேஸ் சரியா வந்துடுச்சுங்க, ஓவர்பிரிண்ட்தான் காரணம். டாப் வைட் தனியாவே வச்சுக்கறோம்.

இப்ப கலர் நம்பர்ல குழப்பம். ஃபைல்ல 186 சி, டெக் பேக்ல 18-1664 டிசிஎக்ஸ். மை கலக்கறவர் எதைப் பார்க்கறதுங்க? இன்னொண்ணு, புது இல்லஸ்ட்ரேட்டர்ல பான்டோன் சாலிட் புக்கே காணோம். 2022 கடைசில எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க. சந்தா கட்டித்தான் ஆகணுமா?

ஃபிலிம்_ரூம்

ஃபிலிம் எடுக்க மட்டும்தான் என்றால் கட்டத் தேவையில்லை. 2022 நவம்பரில் அடோபி தன் சாஃப்ட்வேர்களில் இருந்து பெரும்பாலான பான்டோன் புக்குகளை எடுத்துவிட்டது, வேண்டும் என்றால் பான்டோன் கனெக்டுக்குத் தனியாகச் சந்தா. ஆனால் மேலே சொன்னது நினைவிருக்கிறதா? சுவாட்ச் என்பது ஸ்கிரீனோட பெயர். ‘பான்டோன் 299 சி’ என்று நீங்களே ஒரு ஸ்பாட் சுவாட்ச் உருவாக்கி, கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரு வானநீலம் கொடுத்தால் பிளேட் அச்சு அசலாக அதேதான் வரும். துணியில் விழும் நீலத்தை முடிவு பண்ணுவது கலர் புக் அட்டையும் மை கலக்குகிற தராசும். மானிட்டருக்கு அதில் பங்கே இல்லை.

மாக்-அப் காட்டி ஒப்புதல் வாங்குகிறவர்களுக்கும், சிஎம்ஒய்கேவில் கேட்டலாக் அடிக்கிறவர்களுக்கும் அந்த எண்ணுக்குள் இருக்கும் நிற மதிப்பு தேவைப்படும். அவர்களுக்கு இது நிஜமான இழப்புதான், அதைச் சின்னதாகச் சொல்ல மாட்டேன்.

சி, டிசிஎக்ஸ் வித்தியாசம்: 1963ல் பான்டோன் கொண்டுவந்த எண் முறை காகித அச்சு மைக்கானது. 186 சி என்றால் பளபளப்பான கோட்டட் காகிதத்தில் அந்தச் சிவப்பு எப்படி இருக்குமோ அது. யு என்றால் கோட்டிங் இல்லாத காகிதம். டிசிஎக்ஸ் பருத்தித் துணியில் சாயம் ஏற்றிய மாதிரி. அதோட ஆறு இலக்கமும் சும்மா வரிசை எண் இல்லை. முதல் இரண்டு வெளிச்சத்தைச் சொல்லும், 11 ரொம்ப வெளிர், 19 ரொம்ப அடர்த்தி. நடு இரண்டு நிறத்தோட இடம். கடைசி இரண்டு அதோட செறிவு. 18-1664 என்றால் அடர்த்தியான பக்கம் நிற்கும், நல்ல செறிவுள்ள சிவப்பு.

டேபிள்_பிரிண்டர்

ரெண்டும் ஒரே சிவப்பு இல்லை. டெக் பேக்ல இருக்கறதுதான் கணக்கு, ஆனா நீங்களா முடிவு பண்ணாதீங்க. மெர்ச்சண்டைசர்கிட்டச் சொல்லி பையருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்துல வாங்குங்க. அப்புறம் அதே கருப்புத் துணியில, அதே மெஷ்ல (ஸ்கிரீன் வலை), பேஸ் போட்டு ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி அச்சு) அடிச்சு அனுப்புங்க. ஒப்புதல் ஆன ஸ்ட்ரைக் ஆஃப்தான் கடைசி வார்த்தை. சுவாட்ச் பேரையும் டெக் பேக் நம்பருக்கே மாத்திடுங்க. ஃபிலிம்ல ஒரு நம்பர், கார்டுல ஒரு நம்பர்னா ராத்திரி ஷிஃப்ட்ல வர்றவர் எதைப் பார்ப்பார்?

கட்டற்ற_வரைகலை

அடோபியும் கோரலும் வாங்க முடியாத சின்ன யூனிட்களுக்காக இதைச் சேர்க்கிறேன். இன்க்ஸ்கேப்பில் வரையலாம், ஆனால் ஸ்பாட் பிளேட்டாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி அதில் கிடையாது. வரைந்ததை எஸ்விஜியாகச் சேமித்து ஸ்கிரைபஸில் திறங்கள். ஒவ்வொரு நிறமும் ‘ஃப்ரம்எஸ்விஜி’ என்று தொடங்கும் பெயரோடு வண்ணப் பட்டியலில் வந்து நிற்கும். எடிட் மெனுவில் கலர்ஸ் திறந்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஸ்கிரீன் பெயரைக் கொடுத்து, ஸ்பாட் கலர் என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். அவ்வளவுதான், அது இப்போது ஒரு பிளேட். ரிஜிஸ்ட்ரேஷன் என்ற நிறம் அதில் ஏற்கெனவே இருக்கும், மார்க்குகளுக்கு அதைக் கொடுங்கள்.

பிடிஎஃப் எடுக்கும்போது அவுட்புட் இன்டென்ட் பிரிண்டர் என்று இருக்க வேண்டும், ஸ்பாட்டை ப்ராசஸாக மாற்றும் டிக் இருக்கக் கூடாது. பிறகு கோஸ்ட்ஸ்கிரிப்ட்டில் டிஃப்செப் என்ற டிவைஸைக் கொடுத்து 600 டிபிஐயில் ஓட்டினால் ஒவ்வொரு பிளேட்டும் தன் பெயரோடு தனித்தனி டிஃப் ஃபைலாக விழும். அந்த டிவைஸ் ஸ்பாட் பிளேட்டோடு சயான், மெஜந்தா, எல்லோ, பிளாக் நான்கையும் சேர்த்தே எழுதும். அந்த நான்கும் மார்க்குகளைத் தவிர வெற்றாக இருக்க வேண்டும். அதில் ஏதாவது உருவம் தெரிந்தால், ஃபைலில் எங்கோ ஸ்பாட் அல்லாத நிறம் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இல்லஸ்ட்ரேட்டரில் இருந்து வந்த பிடிஎஃப்பையும் இதே வழியில் சோதிக்கலாம். இந்தச் சோதனைக்காகவே கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை எல்லா யூனிட்டும் வைத்திருக்க வேண்டும் என்பேன், இலவசம்தானே.

கோரல்_கை

இது எனக்குப் புதுசு. எங்க லேசருக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாததால டின்ட் வேலையே எடுக்காம இருந்தோம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் மூலமா புள்ளியும் போட முடியுமா?

கட்டற்ற_வரைகலை

முடியும். டிஃப்செப்1 என்று இன்னொரு டிவைஸ் இருக்கிறது. அது சாம்பல் நிறமாகத் தராமல், புள்ளியாக மாற்றிய கறுப்பு வெள்ளை ஃபைலாகவே தரும். அதை அளவு மாற்றாமல் 100% அளவில் லேசரில் அடியுங்கள். “பக்கத்துக்குப் பொருத்து” என்ற டிக் இருந்தால் புள்ளி கெட்டுவிடும்.

அவிநாசி_ரோடு_டிசைனர்

புள்ளின்னதும் கேட்கறேன். நீலத்துல ஒரு இடத்துல கிரேடியன்ட் இருக்கு, நீலத்துல இருந்து கருப்புத் துணிக்கு மறையற மாதிரி. எத்தனை எல்பிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசை), என்ன ஆங்கிள் குடுக்கறதுங்க? ஸ்கிரீன் 77டி இருக்கு, 90டியும் இருக்கு.

ஃபிலிம்_ரூம்

கிரேடியன்ட்டோட இரண்டு முனையும் அதே ஸ்பாட் நீலமாக இருக்கட்டும், ஒரு முனை 100%, மறு முனை 0%. மறு முனையில் கருப்பு வைத்தால் பிளாக் பிளேட் திரும்ப உயிர் பெறும்.

டி என்பது சென்டிமீட்டருக்கு எத்தனை இழை. 90டி என்றால் அங்குலத்துக்குச் சுமார் 230 இழை, 77டி சுமார் 195. மெஷ்ஷை எல்பிஐயால் வகுத்தால் நாலரை, ஐந்து வர வேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு புள்ளிக்கும் பிடித்துக்கொள்ள இழை இருக்கும். 90டிக்கு 45 எல்பிஐ சௌகரியமாக நிற்கும். 77டி என்றால் 40க்கு இறங்குங்கள். ஆங்கிள் 22.5. ஆஃப்செட் அச்சில் நாலு கலருக்கு நாலு ஆங்கிள் கொடுப்பார்கள். இங்கே ஸ்பாட்டுக்கு எல்லா பிளேட்டுக்கும் ஒரே ஆங்கிள் போதும். 0, 45, 90 வேண்டாம், மெஷ் இழையோடு மோதி மோரே (வேண்டாத அலைக் கோலம்) வரும். புள்ளி வடிவம் எலிப்ஸ் வையுங்கள், 50% பக்கத்தில் தாவாமல் மென்மையாகப் போகும்.

அந்த நீலத்துக்கு அடியில் பேஸ் முழுசாக இருக்கிறதா? அதைக் கவனியுங்கள். நீலம் புள்ளி புள்ளியாக மறைகிற இடத்தில் அடியில் திட வெள்ளை இருந்தால், கருப்புக்கு மறையாமல் வெள்ளைக்கு மறையும். பேஸுக்கும் அந்த இடத்தில் அதே கிரேடியன்ட் கொடுத்து, நீலத்தைவிடக் கொஞ்சம் முன்னாடியே மறைகிற மாதிரி வையுங்கள். அப்ப பேஸ் ஸ்கிரீனும் 43டியில் எடுக்க முடியாது, புள்ளி நிற்காது. அதையும் 77டிக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு ஸ்ட்ரோக் கூட வரும்.

டேபிள்_பிரிண்டர்

ஓனர்கிட்ட இதை முன்னாடியே சொல்லிடுங்க தம்பி. கை டேபிள்ல 10 சதவீதத்துக்குக் கீழ புள்ளி நிக்கறது கஷ்டம், கழுவும்போதே போயிரும். 10ல ஆரம்பிக்கற மாதிரி வச்சு, கடைசி ஓரத்தை டிசைன்ல ஏதாவது ஒரு கோட்டோட முடிச்சுடுங்க.

ட்ரேசிங் பேப்பர்ல எடுக்கறவங்களுக்கு: லேசரோட சூட்டுல பேப்பர் சுருங்கும். அஞ்சு பிளேட்டும் அஞ்சு விதமா சுருங்கினா எந்த சோக்கும் காப்பாத்தாது. வெறும் பேப்பரை ஒரு தடவை பிரிண்டர்ல ஓட்டிட்டு, அப்புறம் எல்லா பிளேட்டையும் ஒரே திசையில, ஒரே நேரத்துல எடுங்க. 28 செ.மீ. டிசைனுக்கு நான் இங்க்ஜெட் ஃபிலிம்தான் சொல்வேன்.

ஃபிலிமை மிரர் பண்ணாதீங்க. ஆஃப்செட் அச்சுக்கு ஃபிலிம் எடுத்துப் பழகினவங்க கை தானா மிரர் போடும். நமக்கு அச்சான பக்கம் மேல இருக்கும்போது எழுத்து நேரா படிக்கணும், அந்தப் பக்கம்தான் எமல்ஷனை (ஸ்கிரீன்ல பூசின, வெளிச்சத்துல இறுகற பூச்சு) தொடணும்.

அவிநாசி_ரோடு_டிசைனர்

ரெண்டு பேருக்கும் பெரிய நன்றிங்க. நம்பர் விஷயம் மெயில் போயிடுச்சு, பையர் டிசிஎக்ஸே ஃபாலோ பண்ணச் சொல்லிட்டாங்க, சுவாட்ச் பேரும் மாத்தியாச்சு. அஞ்சு ஃபிலிமும் எடுத்து லைட் டேபிள்ல ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பார்த்தேன், மார்க் எல்லாம் ஒக்காருது.

ஒரே ஒரு சந்தேகம். கீழ சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு, மஞ்சள்ல. கோடு தடிமன் 0.6 மி.மீ.தான். பேஸ் ஃபிலிம்ல அந்த வரியே காணோம்.

ஃபிலிம்_ரூம்

ஒரு பக்கம் 0.3, மறு பக்கம் 0.3 சோக். 0.6ல் மிச்சம் எதுவும் இல்லை, அதனால் ஆஃப்செட் பாத் அதை முழுசாகத் தின்றுவிட்டது. அந்த வரியை மட்டும் பேஸ் லேயரில் திரும்ப ஒட்டி, மைனஸ் 0.1 கொடுங்கள். மேல் மஞ்சளுக்கு அதே மஞ்சளில் 0.4 மி.மீ. ஸ்ட்ரோக் போட்டால் வெளியே 0.2 கிடைக்கும். மொத்தத்தில் 0.3 வித்தியாசம் திரும்ப வந்துவிடும், எழுத்து 1 மி.மீ. தடிமனாகும். எழுத்துக்குள் இருக்கும் ஓட்டைகள் அடையாமல் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ் எழுத்தாக இருந்தால் ழ, ண, றை மாதிரி இடங்களில் சுழி மூடிக்கொள்ளும், அங்கே எழுத்து அளவையே ஒரு பாயின்ட் கூட்டச் சொல்லிப் பையரிடம் கேளுங்கள்.

டேபிள்_பிரிண்டர்

பேஸ் ஃபிலிம் மட்டும் மாத்தினா பத்தாது, மஞ்சளும் திரும்ப எடுக்கணும். பழைய மஞ்சள் ஃபிலிமை அப்பவே கிழிச்சுப் போட்டுடுங்க, ரெண்டும் ஒண்ணா மேஜையில கிடக்க விடாதீங்க.